உயரம் நாலு ஏக்கர்

திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே இருபது வருடங்களாகக் கல்யாணமாகிப் போன பெண்கள் அத்தனை பேரும் ஒரே பெண்தான். மாநிறம், அடக்கம், தெய்வ பக்தி, வீட்டு வேலைகளில் கைதேர்ந்தவள், பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவள். அவளைக் கட்டிக்கொண்ட மாப்பிள்ளைகளும் ஒரே ஆள்தான். நிலையான வேலை, நல்ல குடும்பம், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. இவர்கள் இருவரையும் படைத்தது பிரம்மா என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிட்டீர்கள். படைத்தவர் எங்கள் ஆல்ட் சார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். நான்கு வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது தெரியாது. திருப்பதியில் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்த கல்யாணத் தகவல் மையத்தில் அவர் கம்ப்யூட்டர், நான் டெலிபோன். எங்கள் இருவரையும் மேய்க்க ஒரு மேடம். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வரும். வீட்டில் தமிழ் பேசி, ஆபீஸில் தெலுங்கு பேசி, கடைசியில் இங்கிலீஷில் பயோடேட்டா அடித்துக்கொண்டு போவார்கள். அந்த இங்கிலீஷுக்கு ஏகபோக உரிமையாளர் ஆல்ட் சார்.

அவருடைய கம்ப்யூட்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெட்டி மாதிரி மானிட்டர், அதில் நீலத் திரை, வெள்ளை எழுத்து. மவுஸ் கிடையாது. யாராவது 'மவுஸ் எங்கே சார்' என்று கேட்டால், கெட்ட வார்த்தை கேட்டவர் போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். உலகம் போனில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த காலத்திலும் அவர் அந்தப் பழைய வேர்ட் ப்ராசஸரில்தான் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு வசதி உண்டு. திரும்பத் திரும்ப அடிக்க வேண்டிய வரிகளை ஒரு தடவை அடித்து ரெகார்ட் செய்து, ஓர் எழுத்துக்குக் கீழே வைத்துவிடலாம். பிறகு ஆல்ட் விசையோடு அந்த எழுத்தை அழுத்தினால் போதும், அடித்ததெல்லாம் தானாக ஓடிவந்து திரையில் விழும். இதற்கு மேக்ரோ என்று பெயர். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து. ஆகவே மனிதர்களும் இருபத்தாறு வகைதான் என்று ஆல்ட் சார் முடிவுக்கு வந்திருந்தார்.

எந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதி வைக்கவில்லை. எல்லாம் தலைக்குள். மேடம் அவரை மூன்று தடவை வேலையை விட்டு அனுப்ப நினைத்து, மூன்று தடவையும் விட்டுவிட்டதற்குக் காரணம் அதுதான்.

பெண்ணைப் பெற்றவர்கள் எதிரே உட்கார்ந்து நெஞ்சு நிறைய விஷயத்தோடு வாயைத் திறப்பார்கள். இரண்டாவது வாக்கியத்தில் ஆல்ட் சாரின் கை மேலே போகும். ஒருமுறை நகரியிலிருந்து ஒரு தகப்பனார் வந்தார்.

"எம் பொண்ணு கொஞ்சம் கோவக்காரி சார். ஆனா மனசுல ஒண்ணும் வெச்சிக்காது. நல்லா தறி ஓட்டும், வண்டி ஓட்டும், மாமரத்துல ஏறி காய் பறிக்கும். நாங்க சொல்லிக்கினே இருப்போம், அது ஏறிக்கினே இருக்கும்."

"போதும். ஆல்ட்-எச்."

"அதுல மரம் ஏறது வருமா சார்?"

"வீட்டு வேலைகளில் கைதேர்ந்தவள்னு வரும்."

"மரம் ஊட்டுல இல்ல சார். தோப்புல கீது."

ஆல்ட் சார் விசையை அழுத்தினார். மரமேறிப் பெண் கண்ணெதிரே மாநிறமாகி, அடக்கமாகி, பக்தியாகி, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கீச் கீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள். தகப்பனார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அந்நியப் பெண்ணைக் கூட்டிப் போகிறவர் மாதிரி சங்கடத்தோடு படியிறங்கினார்.

மாப்பிள்ளைகள் விஷயத்தில் அவர் இன்னும் தாராளம். ஒருவன் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வந்து, நாற்காலி என்று நினைத்து என் குப்பைக்கூடையில் உட்கார்ந்தான். ஆல்ட் சார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆல்ட்-பி அடித்தார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்று வந்தது. "சார், ஆளைப் பாருங்க" என்றேன். "பாத்தேன்மா. கீ அப்படித்தான் சொல்லுது, நான் என்ன பண்றது" என்றார். அவருக்கும் அந்த விசைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது போல ஒரு குரல்.

இவ்வளவு திட்டமான ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை. மேக்ரோ என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு படி இறங்குகிற ஆள் மாதிரி. இத்தனை வரி கீழே போ என்று சொல்லி வைத்தால் அத்தனை வரி போகும். ஒரு வரி குறைந்தால் அதற்குத் தெரியாது. விஜயபுரத்துப் பெண் ஒருத்தி வீட்டுக்கு ஒரே பிள்ளை. சகோதரர்கள் என்ற வரிக்கு அவளிடம் ஆளில்லை என்று ஆல்ட் சார் அந்த வரியையே எடுத்துவிட்டு விசையை அழுத்தினார். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் ஒவ்வொரு படி சரிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து எனக்கு போன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா.

"ஏம்மா, பொண்ணோட படிப்பு அஞ்சடி மூணு அங்குலம்னு போட்டுக்கீது."

"தப்பா விழுந்திருக்கும் ஐயா."

"அது போவட்டும். உயரம் நாலு ஏக்கர் வேர்க்கடல நிலம்னு போட்டுக்கீது. நம்ம ஊட்டு வாசப்படி அவ்ளோ ஒசரம் கெடையாதும்மா. இடிச்சிக் கட்டணும்னாகூட டைம் ஆவும்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு ஆல்ட் சாரிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "அந்தப் பொண்ணுக்கு ஒரு தம்பி இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. தப்பு அவங்கப்பா மேல. அன்னிக்கே யோசிச்சிருக்கணும்" என்றார். கல்யாணம் என்னவோ நடந்தது. வாசற்படியை இடிக்கவில்லை.

மேடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு புது லேப்டாப் வாங்கி அவர் மேஜையில் வைத்தார். ஆல்ட் சார் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கும்பிட்டு, மூடி, அதன்மேல் ஜாதகக் கட்டுகளை அடுக்கினார். உயரம் சரியாக இருக்கிறது, குனிய வேண்டியதில்லை என்று மேடத்துக்கு நன்றியும் சொன்னார்.

அப்புறம் மாவட்டத்தைப் பிரித்தார்கள். ஒரு நாள் காலையில் புத்தூரும் சத்தியவேடும் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு வந்துவிட்டன. ஆல்ட் சாரின் விசைகளுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. ஆல்ட்-சி அடித்தால் சித்தூர் மாவட்டம் என்றுதான் வரும். மாற்ற வேண்டுமென்றால் அந்த மேக்ரோவை முதலிலிருந்து அடித்து மறுபடி ரெகார்ட் செய்ய வேண்டும். நடுவில் கை வைத்துத் திருத்துவது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது.

"கவர்மென்ட்டுக்கு என்ன, ஒரு கையெழுத்தப் போட்டுட்டுப் போயிடும். கஷ்டப்பட்டு ரெகார்ட் பண்ணவனுக்குத்தான் வலி தெரியும்" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அவர் மாவட்டப் பிரிவினையை அங்கீகரிக்கவில்லை. சித்தூர் என்று அச்சானதை நான்தான் பேனாவால் அடித்து, மேலே திருப்பதி என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேடம் கெஞ்சினார், கத்தினார், தெலுங்கில் அழுதார். ஒன்றும் நடக்கவில்லை.

இத்தனையையும் நான் சிரித்துக்கொண்டு பார்த்தேன். என் முறை வரும்வரை.

எனக்கு முப்பத்திரண்டு வயது, கோர்ட்டில் விவாகரத்து முடிந்து, புத்தூரில் நைனா வீட்டில் இருந்தேன். மதி என்று ஒரு மகள், ஆறு வயது, எதற்கும் அடங்க மாட்டாள். தினம் பஸ் ஏறி வந்து ஊருக்கெல்லாம் வரன் பேசுகிறாய், உனக்கொன்று பார்க்கக்கூடாதா என்று மேடம் ஒரு வருடம் அரித்த பிறகு சரி என்று தலையாட்டினேன். ஆல்ட் சார் என்னைக் கேள்வியே கேட்கவில்லை. நான்கடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற என்னைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. ஆல்ட்-எம் அடித்தார். மறுமணக்காரர்களுக்கெல்லாம் அதுதான் விசை. வந்த காகிதத்தை வாசிக்காமல் நானே வரன் கட்டோடு சேர்த்தேன். வருடக்கணக்காகப் பார்த்த காகிதம், அதில் வாசிக்க என்ன இருக்கிறது.

பத்து நாள் கழித்து என் போனில் ஒரு அழைப்பு. பாகாலாவிலிருந்து மதியின் அப்பா.

"என்னா இது, உன்னையே எனக்கு அனுப்பிக்கிறாங்க?"

"என்ன சொல்றீங்க?"

"உங்க ஆபீஸ்லருந்து எனக்குப் பொருத்தமான எடம்னு ஒரு பேப்பர் வந்துக்கீது. நல்லா பொருந்துதுன்னு மேல சீல் வேற குத்திக்கீது. பாத்தா நீ."

நான் லீவில் இருந்த ஒரு நாளில் அவர் வந்து பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார். ஆல்ட் சார் அவருக்கும் ஆல்ட்-எம் அடித்திருக்கிறார். பிறகு இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதே என்று பூரித்து, சீல் குத்தி அனுப்பியிருக்கிறார். மூன்று வருடம் கோர்ட் படியேறி நாங்கள் வாங்கிய பிரிவை அவர் இரண்டு விசையில் சேர்த்துவைத்துவிட்டார்.

இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் போட்டேன். இரண்டிலும் ஒரே வரி. விவாகரத்தானவர், தவறு இவர் மேல் இல்லை.

"ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்லன்னா, யாரு மேல சார் தப்பு?"

ஆல்ட் சார் வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். "ஜட்ஜுகிட்ட கேக்க வேண்டியத எங்கிட்ட கேக்கற" என்றார்.

சிரித்திருப்பேன். ஆனால் அப்போதுதான் அடுத்த வரியைப் பார்த்தேன். இரண்டு காகிதத்திலும் இருந்தது. வில்லங்கம் எதுவும் இல்லை. நிலம் வாங்கும்போது பார்க்கிற அதே சொல், அதே 'என்கம்ப்ரன்ஸ்' இங்கிலீஷ். பிள்ளை குட்டி கிடையாது, பின்னால் தொந்தரவு வராது என்று மாப்பிள்ளை வீட்டுக்கு உத்தரவாதம். மதியின் அப்பா காகிதத்தின்படி அவருக்கு மகள் இல்லை. என் காகிதத்தின்படி எனக்கும் இல்லை. அப்படியென்றால் அன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று என் புடவையைப் பிடித்துத் தொங்கியது யார்? அந்தக் காகிதத்தைக் கட்டோடு சேர்த்தது என் கைதான்.

"இந்த வரிய எடுங்க சார். எம் பொண்ணு பேரு வரணும்."

"வரி கூட்டினா கீழ எல்லாம் சரிஞ்சிடும்மா."

மேடம் உள்ளேயிருந்து வந்தார். "ஏமிம்மா இது. குழந்தை இருக்குன்னு போட்டா ஒருத்தனும் போன் பண்ண மாட்டான். முதல்ல பேசி முடிப்போம். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

ஆல்ட் சாரும் மேடம் பக்கம்தான் என்று நினைத்தேன். "மாத்த முடியலன்னா விடுங்க சார். ஊர் பேரு மாதிரி மேல பேனாவுல எழுதிக்கறேன்" என்று காகிதத்தை இழுத்தேன்.

அவர் காகிதத்தை விடவில்லை.

"ஊர் பேர பேனாவுல எழுதலாம்" என்றார். "கொழந்தைய பேனாவுல எழுதக்கூடாதும்மா."

அரசாங்கம் உத்தரவு போட்டு ஒரு வருடம் அசையாத மனிதர், மறுநாள் காலை பத்து மணிக்குக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். காற்றில் காகிதம் பறந்து கவனம் கலையுமாம். ரெகார்டை ஆரம்பித்துவிட்டால் பிறகு அடிப்பதெல்லாம் உள்ளே போய்விடும், தப்பாக அடித்தால் அந்தத் தப்பும் போகும், அழித்தால் அழித்ததும் போகும், விசையை அழுத்தும்போதெல்லாம் அதையும் ஒரு தடவை நடித்துக் காட்டிவிட்டுத்தான் மேலே போகும் என்று எனக்கு விளக்கினார். அதனால்தான் இத்தனை வருடம் எதையும் தொடவில்லை என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். பயமாம்.

ஆல்ட்-எம் புதிதாகப் பிறக்க ஆரம்பித்தது. இரண்டு விரலால், நிதானமாக அடித்தார். மேடம் வாசலில் வந்து நின்று, "நான் சொல்றத யாரும் கேக்கறதில்ல, பிசினஸ் என்னாகறது" என்று தொடங்கினார். ஆல்ட் சார் திரும்பாமல் கையைத் தூக்கினார்.

"மேடம், ரெகார்டிங் ஓடுது. பேசினா உள்ள போயிடும்."

மேடம் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆல்ட் சாருக்கும் தெரியும். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தவறு இவர் மேல் இல்லை என்கிற வரியை அவர் அடிக்கவே இல்லை. அடுத்த வரியில் விரல் பழக்க தோஷத்தில் ஓடிவிட்டது. வில்லங்கத்துக்கான அந்த இங்கிலீஷ் சொல் பாதி விழுந்துவிட்டது. ஆல்ட் சார் உறைந்து போனார். மூச்சுகூட விடவில்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் பின்னால் வந்து அழித்தார். அந்த இடத்தில் குழந்தைகள் என்று அடித்தார். அங்கே கர்சர் நின்று பெயருக்காகக் காத்திருக்கும்படி ஏதோ செய்தார். ரெகார்டை முடித்துவிட்டு, விசையை அழுத்தி, என் பக்கம் திரும்பினார்.

"பேரு சொல்லு."

"மதி. ஆறு வயசு."

"மாநிறம், அடக்கம்னு சேக்கவா?"

விளையாடுகிறாரா என்று பார்த்தேன். நிஜமாகத்தான் கேட்டார்.

"வேணாம் சார். அவ அடங்க மாட்டா."

"அப்ப அதையே போட்டுடறேன்" என்று போட்டார். இருபது வருடத்தில் அந்தப் பிரிண்டரிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான்.

மேடம் சொன்னது பொய்யாகவில்லை. ஏற்கனவே பேச்சில் இருந்த இரண்டு குடும்பங்கள் புதுக் காகிதம் போனதும் போன் எடுப்பதை நிறுத்தின. ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை. நான் எல்லோருக்கும் போனில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சூளூர்பேட்டையிலிருந்து ஒருவர் பேசினார். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை, மனைவி தவறிப்போய் நான்கு வருடம். தன்னைப் பற்றி இவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அடங்க மாட்டான்னு போட்டிருக்கீங்களே, பாப்பா இன்னா பண்ணும்?" என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கி, அரைமணி நேரம் சொன்னேன். இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறோம். அவள் என்ன பண்ணுவாள் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

போன மாதம் திருப்பதிக்குப் போயிருந்தேன். பாத்திரக்கடை மாடியில் ஒன்றும் மாறவில்லை. லேப்டாப்பின்மேல் ஜாதகக் கட்டு இன்னும் உயர்ந்திருந்தது. புத்தூர் இன்னும் சித்தூர் மாவட்டத்திலேயே இருந்தது. சத்தியவேட்டிலிருந்து ஓர் அம்மாள் வந்திருந்தார். விவாகரத்தானவர், இரண்டு பிள்ளைகள். ஆல்ட் சார் அவரை மூன்றாவது வாக்கியம்வரை பேசவிட்டார், பெரிய முன்னேற்றம். பிறகு விசையை அழுத்தினார்.

நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். வரிகள் ஓடின. வில்லங்கம் பாதி வந்தது. நின்றது. எழுத்து எழுத்தாக அழிந்தது. குழந்தைகள் என்று வந்து, கர்சர் மின்னிக்கொண்டு நின்றது.

"இன்னொரு தடவை ரெகார்ட் பண்ணி அந்தத் தப்ப எடுத்துடலாமே சார்."

"பேப்பர்ல வராதும்மா அது. எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். "இருக்கட்டும். எத்தினி பேருக்கு அப்படி அடிச்சு அனுப்பிட்டேன்." பிறகு அந்த அம்மாள் பக்கம் திரும்பி, மூத்தவன் பெயரைக் கேட்டார்.

அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தச் சொல் அழிவதைப் பார்க்க வருடத்துக்கு ஒரு தடவையாவது மாடியேறிவிடுகிறேன். வீட்டில் கேட்டால் சாமி தரிசனம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.